உரோமத்தோல் வணிகக் காலத்து வெள்ளிப் புரூச் செய்வது எப்படி: முத்திரை குத்தும் முன் படியுங்கள்

நாற்பது புரூச்சுகளின் பின்பக்கம் '925' என்று, அதாவது 92.5 சதவீத வெள்ளி என்ற தர முத்திரையை, குத்தி முடித்த பிறகுதான், அப்படிக் குத்தியிருக்கவே கூடாது என்று எனக்குத் தெரியவந்தது. சரி, அராவி எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அரை மில்லிமீட்டர் தகட்டில் முத்திரையை அராவினால் என்ன மிஞ்சும்? முப்பத்தொன்று பழைய வெள்ளி டப்பாவுக்குப் போயின. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

1760 முதல் 1820 வரை, வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி, நீர்நாய் போன்ற விலங்குகளின் தோலுக்கு மாற்றாகப் பூர்வகுடி மக்களுக்கு வணிகர்கள் கொடுத்த பொருள்களில் வெள்ளி நகையும் ஒன்று. வளையப் புரூச், இதய வடிவப் புரூச், இரட்டைக் குறுக்குச் சிலுவை, கழுத்தில் தொங்கும் பிறைத் தகடு, கைப்பட்டை, காதுத் தொங்கல் எல்லாம் இதில் வரும். பெரும்பகுதி மாண்ட்ரியல் பட்டறைகளில் செய்யப்பட்டது. வரலாறு இவ்வளவு போதும். இப்போது இவற்றைக் கேட்பவர்கள் அக்கால உடையணிந்து நிகழ்ச்சி நடத்துபவர்கள், அருங்காட்சியகக் கடைகள், என்னைப் போல வெள்ளியில் கை அரிப்பு உள்ளவர்கள்.

நான் இருப்பது டொராண்டோவின் ஸ்கார்பரோவில். சட்டம், வரி பற்றிச் சொல்வதெல்லாம் கனடாவுக்கும் ஒன்டாரியோவுக்கும் பொருந்தும். அமெரிக்கா வரும் இடத்தில் தனியே சொல்கிறேன்.

1. முதலில் எதைச் செய்வது

வளையப் புரூச். வேறெதையும் தொடாதீர்கள்.

பிறைத் தகடு பார்க்க எளிது. ஆனால் அவ்வளவு பெரிய தகட்டைக் கோணாமல் குவிப்பதற்குக் கை பழக ஒரு வருடமாவது வேண்டும். காதுத் தொங்கலில் உருண்டையும் கூம்பும் இருப்பதால் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டும். வளையப் புரூச்சில் ஒரு பற்றவைப்பு கூடக் கிடையாது. நடுவில் ஓட்டையுள்ள மெல்லிய வட்டம், அதன் குறுக்கே ஒரு நாக்கு, அவ்வளவுதான். துணியை ஓட்டை வழியாக மேலே இழுத்து, நாக்கை அதில் குத்தி, துணியைத் திரும்ப இழுத்துவிட்டால் இழுவிசையே பிடித்துக்கொள்ளும். கொக்கி கிடையாது. கொக்கியோ சேஃப்டி பின்னோ வைத்து விற்கப்படும் 'பழைய பாணி' புரூச்சைச் செய்தவர், பழையதைப் பார்க்காமலே செய்திருக்கிறார்.

மாண்ட்ரியலின் மெக்கார்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகம், டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் இரண்டின் சேகரிப்பும் இணையத்தில் இருக்கிறது. அளவு குறிப்பிட்ட படங்களை மட்டும் எடுங்கள். அளவில்லாத படத்தைப் பார்த்துச் செய்த என் முதல் புரூச் தோசைக்கல் மாதிரி வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த வகை வெள்ளியில் கணிசமானது புதைகுழிகளிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் 1990-இல் வந்த சட்டம், அரசு நிதி பெறும் அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட பொருள்களை அந்தந்த இனத்தாரிடம் திருப்பித் தர வழி செய்தது. ஆகவே 'நிலத்திலிருந்து கிடைத்தது' என்று ஏலத்தில் வரும் ஒரிஜினலை மாதிரிக்காக வாங்காதீர்கள். ஒருவருடைய கல்லறையில் கிடந்ததை நகல் எடுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. வெளிப்படையாகக் காட்சிக்கு இருப்பவையே ஏராளம்.

2. முத்திரைக் காகிதம்: வெள்ளி வாங்கும் முன்பே

முத்திரை கடைசி வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நகையில் அது ஏறக்குறைய முதல் வேலை. வட்டத்தைக் குவித்த பிறகு குத்தினால் குவிவு நசுங்கும். நகாசு செதுக்கிய பிறகு குத்தினால் முன்பக்கம் கெடும். தகடு தட்டையாக இருக்கும்போதே குத்தியாக வேண்டும். அப்படியானால் என்ன குத்தப் போகிறோம் என்பதை அதற்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

கனடாவின் விலையுயர்ந்த உலோகங்கள் முத்திரைச் சட்டம் சொல்வது இது: வெள்ளியில் தர முத்திரை போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் '925' என்றோ, அதே பொருள் தரும் 'ஸ்டெர்லிங்' என்றோ போட்டால், பக்கத்திலேயே உங்கள் வணிகச் சின்னமும் இருக்க வேண்டும். அந்தச் சின்னம் பதிவானதாகவோ, பதிவுக்கு விண்ணப்பித்ததாகவோ இருக்க வேண்டும். நகை மீது குத்தாமல் அட்டையிலோ பெட்டியிலோ எழுதினாலும் இதே கணக்குதான்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, தர முத்திரையே போடாமல் உங்கள் அடையாளத்தையும் வருடத்தையும் மட்டும் குத்துவது. பழகும் காலத்துக்கு இது போதும். இரண்டு, கனடிய அறிவுசார் சொத்து அலுவலகத்தில் சின்னத்துக்கு விண்ணப்பிப்பது. நகை 14-ஆம் வகுப்பில் வரும். கட்டணம் சில நூறு டாலர். அவ்வப்போது ஏறுவதால் கட்டும் அன்று பாருங்கள். பதிவாக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விண்ணப்பித்த நாளிலிருந்தே முத்திரை குத்தலாம், காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு 10 வருடம் செல்லும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் குத்தியது பெரும்பாலும் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு. நாமும் அப்படியே செய்வோம் என்று போனால், வெறும் இரண்டு எழுத்துக்குத் தனித்தன்மை இல்லை என்று பரிசீலகர் ஆட்சேபிக்கலாம். நான் எழுத்துகளோடு ஒரு சின்ன மீன் வடிவத்தைச் சேர்த்தேன்.

பழைய பொற்கொல்லர்களின் முத்திரையை அப்படியே குத்தலாமா? மாண்ட்ரியலின் ராபர்ட் குரூக்‌ஷாங்கின் முத்திரையை, சார்ல்ஸ் அர்னோல்டியின் முத்திரையை உங்களிடம் கேட்பவர்கள் கட்டாயம் வருவார்கள். 'சும்மா அழகுக்குத்தான்' என்பார்கள். குத்தாதீர்கள். இந்தத் துறையில் போலிகள் ஏற்கெனவே மலிந்து கிடக்கின்றன. நீங்கள் நல்ல எண்ணத்தோடு செய்த நகல், மூன்றாவது கை மாறும்போது 'ஒரிஜினல்' ஆகிவிடும். நான் வருடத்தையும் சேர்த்துக் குத்துவது இதற்காகத்தான்.

எஃகு முத்திரைக்கு எனக்கு 130 டாலர் ஆனது, வந்து சேர ஐந்து வாரம். முத்திரை உயரம் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மெல்லிய தகட்டில் பெரிய முத்திரை முன்பக்கம் புடைத்துத் தெரியும்.

3. வெள்ளி வாங்குவது

கடையில் கேட்க வேண்டியது: ஸ்டெர்லிங் தகடு, 24 கேஜ், முழு மென்பதம். 24 கேஜ் என்றால் 0.51 மில்லிமீட்டர். பழைய புரூச்சுகள் கையில் எடுத்தால் திடுக்கிடும் அளவுக்கு மெலிதானவை. கை பழகியபின் 26 கேஜுக்கு (0.40 மில்லிமீட்டர்) இறங்குங்கள். 20 கேஜில் 'தரமாக' செய்யலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் அது நல்ல நகையாக இருக்கும், நல்ல நகலாக இருக்காது.

விலையை நான் எழுதினால் நீங்கள் படிப்பதற்குள் பழசாகிவிடும். கணக்கைச் சொல்கிறேன். ஸ்டெர்லிங்கின் அடர்த்தி ஏறத்தாழ 10.4. தகட்டின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 10.4-ஆல் பெருக்கினால் கிராம். 15 × 7.5 செ.மீ. தகடு, 0.05 செ.மீ. தடிமன் என்றால் 58 கிராம் சொச்சம். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், ஆக 1.9 அவுன்ஸ். அன்றைய சந்தை விலையோடு பெருக்குங்கள். அதற்கு மேல் கடை கேட்பது தகடாக்கிய கூலி. மூன்று கடையில் விலை கேட்டால் கூலி எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

அந்தத் தகட்டில் 3 செ.மீ. விட்டமுள்ள புரூச் எட்டு வரும். ஓரத்து மிச்சத்தில் நாக்குகள். முடிந்த ஒரு புரூச், நாக்கோடு சேர்த்து, 3 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும்.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள் மூன்று.

99.9 சதவீத வெள்ளிக் கட்டிக்கு எச்எஸ்டி (விற்பனை வரி) இல்லை, தகட்டுக்கு 13 சதவீதம் உண்டு. கட்டியை வாங்கி நாமே உருக்கித் தகடாக்கினால் மிச்சம் என்று ஒருவர் சொல்வார். செம்பு கலக்க வேண்டும், உருளை இயந்திரம் வேண்டும். செம்பு கலக்காத வெள்ளியில் நாக்கு செய்தால் கம்பளித் துணியில் இரண்டாவது தடவை குத்தும்போது வளைந்துவிடும்.

அந்தக் காலத்தில் ஸ்பானிய டாலரை உருக்கித்தானே செய்தார்கள், நாமும் பழைய கனடிய வெள்ளிக் காசை உருக்குவோம் என்று இன்னொருவர். செல்லுபடியாகும் கனடிய நாணயத்தை உரிமம் இல்லாமல் உருக்குவது நாணயச் சட்டப்படி குற்றம். அந்தக் காசுகளில் பெரும்பாலானவை 80 சதவீத வெள்ளிதான். ஸ்டெர்லிங் என்று சொல்லவும் முடியாது.

மூன்றாவது ஜெர்மன் சில்வர். நம் வீடுகளில் குங்குமச்சிமிழும் தட்டும் வந்து குவிகிறதே, அதேதான். பெயரில் மட்டும் சில்வர்; உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். அது பரவியது நாம் பேசும் காலத்துக்குப் பிறகு. 1790-க்கு நகல் என்று சொல்லி அதில் செய்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோல் அரிக்கும்.

அப்புறம், முதலில் அதே தடிமனில் செம்புத் தகடு வாங்கி பத்துப் புரூச்சாவது அதில் செய்யுங்கள். நான் மூன்றோடு நிறுத்திவிட்டு வெள்ளிக்குத் தாவினேன். அந்த அவசரத்துக்கு ஒரு தகடு விலை கொடுத்தேன்.

4. கருவிகளும் இடமும்

என் பில்: இழை ரம்பச் சட்டமும் இரண்டு டஜன் இழைகளும் (2/0 அளவு) 48 டாலர், கையடக்க எரிவாயு விளக்கு 70, எஃகுக் கட்டை 30, அரங்கள் 45, மரச் சுத்தியலும் சிறு இரும்புச் சுத்தியலும் 55, தட்டை முனைச் செதுக்குளி இரண்டு 40, சூடு தாங்கும் கல், செம்புக் குறடு, சில்லறை எல்லாம் 60. மொத்தம் 350 டாலர் அளவில். விலை கூடிய துளைக்கருவித் தொகுப்பை யாராவது தள்ளிவிடப் பார்ப்பார்கள்; இப்போது வேண்டாம், கைத் துளைப்பான் போதும்.

செலவை விடப் பெரிய பிரச்சினை இடம். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தால் தீயை மூட்டும் முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாடகைதாரர் காப்புறுதி வைத்திருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். எனக்கு வீட்டுக்காரர் தலையாட்டினார், காப்புறுதிக்காரர் மறுத்தார். கடைசியில் தீ வேலையை மட்டும் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைக்கும் பொதுப் பட்டறையில் செய்கிறேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். இருபது வட்டங்களை ஒன்றாகக் காய்ச்சிக்கொண்டு வந்துவிடலாம். அறுப்பது, அராவுவது, செதுக்குவது எல்லாம் சாப்பாட்டு மேசையில்.

5. அறுப்பது

வட்டத்தை வரைந்து, நடு ஓட்டையை முதலில் அறுங்கள், வெளிவட்டம் பிறகு. மாற்றிச் செய்தால் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது. 3 செ.மீ. வட்டத்துக்கு 14 மி.மீ. ஓட்டை அழகாக இருக்கும்.

ஓட்டையின் விளிம்பிலிருந்து வெளிவட்டத்தை நோக்கி 2 மி.மீ. தள்ளி, 3 மி.மீ. நீளத்துக்கு ஒரு சிறு பிளவு அறுங்கள். பிளவுக்கும் ஓட்டைக்கும் நடுவே நிற்கும் அந்த மெல்லிய பாலத்தில்தான் நாக்கு சுற்றும். பிளவின் மூலைகளைக் கூராக விடாதீர்கள்; கிழிவது அங்கேதான்.

அரப்பொடியை ஒரு துளி விடாமல் சேர்த்து வையுங்கள். மடியில் தோல் விரித்துப் பொடி பிடிக்கும் தட்டாரைப் பார்த்திருப்பீர்கள். எட்டுப் புரூச்சுக்கு 58 கிராம் வாங்கினால் நகையாவது 26 கிராம்தான். மீதி எல்லாம் துண்டும் பொடியும். சுத்திகரிப்பவர் சந்தை விலையை விடக் குறைத்துத்தான் எடுப்பார், ஆனால் எடுப்பார். செம்புப் பொடியோடு கலந்துவிட்டால் இன்னும் குறைப்பார்.

6. முத்திரையும் நகாசும்

எஃகுக் கட்டையில் முகத்தைக் கீழே வைத்து, பின்பக்கம் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் எழுத்து இரட்டையாகத் தெரியும். அடிக்கு முன் ஒரு நொடி நின்று யோசியுங்கள்: இதில் '925' இருக்கிறதா, இருந்தால் விண்ணப்ப எண் கையில் இருக்கிறதா?

அப்புறம் மரக்கட்டையில் அரக்கு உருக்கி வட்டத்தை ஒட்டுங்கள். இரட்டைப் பக்க டேப்பும் பிடிக்கும், ஆனால் செதுக்கும்போது நழுவிக் கட்டைவிரலைப் பதம் பார்க்கும்.

இந்தப் புரூச்சுகளில் அடிக்கடி வரும் நகாசு ஒரு நெளிவுக் கோடு. தட்டை முனைச் செதுக்குளியைச் சாய்த்துப் பிடித்து, இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே முன்னால் தள்ள வேண்டும். உளியின் இரண்டு மூலைகளும் மாறி மாறிக் கடித்து, நெருக்கமான வளைநெளிக் கோடு விழும். வேகமாக ஆட்டி மெதுவாகத் தள்ளினால் நெருக்கம், மாற்றினால் இடைவெளி. அரை மணி நேரத்தில் கோடு வந்துவிடும். அது வட்டத்தோடு வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து சேர எனக்கு ஒரு மாதம் ஆனது. அச்சு அசல் ஒழுங்காக வர வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். இவை ஆயிரக்கணக்கில் வேகமாகச் செய்யப்பட்டவை. ஒரிஜினலிலேயே கோடு தடுமாறும், சில இடத்தில் உளி சறுக்கிய கீறல் கூட இருக்கும்.

7. காய்ச்சிக் குவிப்பது, நாக்கு மாட்டுவது

ஸ்டெர்லிங்கை மென்மையாக்க 650 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்ச வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் லேசான சிவப்பு தெரியும்போது தீயை எடுங்கள். சிவப்பு மறைந்ததும் தண்ணீரில் போடுங்கள். பட்டப்பகல் வெளிச்சத்தில் காய்ச்சினால் நிறம் தெரியாது. தெரியும்போது விளிம்பு உருகியிருக்கும்.

காய்ச்சும்போது செம்பு எரிந்து ஊதா நிறக் கறை உள்ளே இறங்கும். போரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கரைத்துப் பூசிக் காய்ச்சினால் கறை குறையும். அந்தச் சீசாவை மூடித் தூரத்தில் வைத்த பிறகே தீயைப் பற்றவையுங்கள்; ஆல்கஹால் எரிவது வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

பிறகு அமிலக் குளியல். இங்கே இதைப் 'பிக்கிள்' என்பார்கள். முதல் வகுப்பில் ஊறுகாயைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நினைத்தேன். சோடியம் பைசல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து இளஞ்சூட்டில் வைப்பது. எப்போதும் தண்ணீரில்தான் அதைப் போட வேண்டும், அதில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இரும்புக் குறடு உள்ளே போனால் வெள்ளி முழுவதும் செம்பு நிறம் ஏறும். செம்புக் குறடு இதற்காகத்தான். தீக்குப் பயந்தவர்கள் இந்தப் படியையே தவிர்க்கலாம்: மென்பதத் தகட்டைக் காய்ச்சாமலே லேசாகக் குவிக்க முடியும்.

குவிப்பது ஐந்து நிமிட வேலை. மரக்கட்டையில் ஆழமில்லாத குழி வெட்டி, வட்டத்தை முகம் கீழே இருக்கும்படி வைத்து மரச் சுத்தியலால் ஓரத்தில் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். அரிசி அப்பளத்தின் குவிவு போதும்.

நாக்குக்கு 26 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலத்தில் ஒரு துண்டு. ஒரு முனையைக் கூராக்கி, முழுவதையும் இரும்புச் சுத்தியலால் தட்டுங்கள். தட்டத் தட்ட வெள்ளி விறைக்கும். சுற்ற வேண்டிய முனையை மட்டும் தட்டாமல் விடுங்கள், இல்லையென்றால் வளைக்கும்போது ஒடியும். பிளவு வழியாக விட்டுப் பாலத்தைச் சுற்றி மடித்து, லேசாக ஆடும்படி அழுத்துங்கள். நுனி எதிர்ப்பக்க வளையத்தின் மேல் 3 மி.மீ. படிய வேண்டும். குறைந்தால் நாக்கு ஓட்டைக்குள் விழுந்துவிடும். நான் செய்த முதல் பத்தில் ஆறு அப்படித்தான்.

8. மெருகு

சுழல் இயந்திரத்தில் கொடுத்துக் கண்ணாடியாக்காதீர்கள், நெளிவுக் கோட்டின் கூர்மை போய்விடும். நுரைக்கல் (பியூமிஸ்) பொடியும் தண்ணீரும் துணியும் போதும். கந்தகக் கலவையில் முக்கிக் கறுப்பாக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1790-இல் ஒருவர் அணிந்தபோது அது புத்தம்புது வெள்ளி, பளபளவென்றுதான் இருந்திருக்கும். கறுப்பாக்கிய நகல்தான் சீக்கிரம் போலியாக மாறும்.

9. விற்பது

முதலில் வார்த்தை. நீங்கள் பூர்வகுடியினர் இல்லையென்றால், 'பூர்வகுடி நகை', 'இந்தியன் சில்வர்' என்ற சொற்களே உங்கள் அட்டையில் வரக் கூடாது. அமெரிக்காவில் பூர்வகுடியினர் செய்தது என்று தோன்றும்படி விற்பது 1990-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டப்படி குற்றம். தனிநபருக்கு 2,50,000 டாலர் வரை அபராதம், 5 வருடம் வரை சிறை. இதய வடிவப் புரூச் ஹோடனோஷோனி (இரோக்வா என்றும் சொல்வார்கள்) பூர்வகுடி மக்களிடம் இன்றும் உயிரோடிருக்கும் மரபு. அவர்களிலேயே பொற்கொல்லர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டு வருபவர்களை நான் அவர்களிடம் அனுப்பிவிடுகிறேன். என் அட்டையில் இருப்பது இவ்வளவுதான்: '1780-களின் மாண்ட்ரியல் புரூச்சைப் பார்த்து, ஸ்கார்பரோவில் கையால் செய்த நகல்', கீழே வருடம்.

சொந்தப் பெயரில் இல்லாமல் வேறு பெயரில் கடை நடத்தினால் ஒன்டாரியோவில் வணிகப் பெயர் பதிவு இணையத்தில் 60 டாலர், 5 வருடம் செல்லும். தொடர்ந்த நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டாலரைத் தாண்டும் வரை எச்எஸ்டி பதிவு கட்டாயமில்லை. புரூச் விற்று அதைத் தாண்டினால் எனக்கும் சொல்லுங்கள்.

விலை வைக்கும்போது வெள்ளியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இப்போது எனக்கு ஒரு புரூச் மூன்று மணி நேரம் எடுக்கிறது. தொடங்கியபோது இரண்டு வார இறுதிகள் போயின. மூன்று கிராம் வெள்ளிக்கு இவ்வளவா என்று கேட்பவரிடம், நகைக்கடையில் சேதாரமும் செய்கூலியும் போடுவதை ஞாபகப்படுத்துவேன். நம்மவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள், மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

வாங்குபவர்களில் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று நிறுத்தப்பட்டது. ஆகவே விலையைச் சொல்லும் முன்பே, வரியையும் கூரியர்காரரின் கட்டணத்தையும் யார் கட்டுவது என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். சுங்கப் படிவத்தில் 'புதிய வெள்ளி நகை, நகல்' என்றே எழுதுங்கள். நான் ஒருமுறை வாங்குபவர் மகிழட்டும் என்று 18-ஆம் நூற்றாண்டுப் புரூச் என்று எழுதி அனுப்பினேன். பழம்பொருள் என்று சந்தேகித்து அது மூன்று வாரம் எல்லையிலேயே கிடந்தது.